எலி கூறும் சாட்சியம்

"நீரிழிவுக்கு நிவாரணம் கண்டுபிடிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் வெளியாகும் செய்தியை நம் நேயர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது படித்திருப்பார்கள். செய்தியின் நான்காவது பாராவுக்கோ ஐந்தாவது பாராவுக்கோ போன பிறகுதான், நிவாரணம் பெற்ற பாக்கியசாலிகள் எலிகள் என்பது தெரியவரும். எலிகளுக்கு வியாதி தீர்ந்தது பற்றி நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் செய்தியைப் படிக்கிற வீட்டில் ஒரு பெரியவர் இருபது வருஷமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார். அல்லது ஒரு குழந்தை தினந்தோறும் இன்ஸுலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அந்தத் தலைப்பு வெறும் செய்தியன்று. 2023-ம் வருஷம் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் கணக்குப்படி, நம் தேசத்தில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். ஆகவே, எலியின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்ட கேள்வி.

இந்த விஷயத்தை எழுதத் தூண்டியது நேயர் ஒருவர் அனுப்பிய கடிதம். கடைகளில் விற்கும் ஒரு மூலிகைப் பொடியின் பொட்டலத்தில், "எலிகளிடம் விஞ்ஞான முறையில் பரிசோதித்து நிரூபிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறதாம். தம்முடைய தகப்பனார் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார். "கூடாது" என்று ஒரு வரியில் அவருக்குப் பதில் எழுதியாகிவிட்டது. காரணங்களைச் சொல்லச் சற்று இடம் வேண்டும்.

முதலில், பிராணிகள் உண்மை சொன்ன கதையைப் பார்ப்போம். 1889-ம் வருஷம் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இரு வைத்தியர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். கொழுப்பு ஜீரணமாவதில் கணையத்துக்கு என்ன பங்கு என்பதை அறிவதே அவர்கள் நோக்கம். நாயோ ஓயாமல் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. அந்த நீரில் ஏராளமான சர்க்கரை இருந்தது. மதுமேகம் என்று நம் வைத்திய நூல்கள் வெகு காலத்துக்கு முன்பே பெயரிட்ட வியாதியின் இருப்பிடம் இவ்வாறு தற்செயலாக வெளிப்பட்டது. 1921-ல் கனடா தேசத்து டொரான்டோ சர்வகலாசாலையில் பான்டிங் என்ற இளம் ரணவைத்தியரும், பெஸ்ட் என்ற மாணவரும், கணையம் நீக்கிய நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிற்று. 1922 ஜனவரி 11-ம் தேதி லியோனார்ட் தாம்ஸன் என்ற சிறுவனுக்கு அதே சாற்றைக் கொடுத்தபோது பலன் சொற்பமே. ஊசி போட்ட இடம் சீழ்கட்டிக்கொண்டது. காலிப் என்ற ரஸாயன நிபுணர் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, ஜனவரி 23-ம் தேதி போட்ட ஊசி பலித்தது. பையன் மேலும் 13 வருஷம் உயிரோடிருந்தான். அதற்கு முன்பு இந்த வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாகிச் சில மாதங்களில் இறந்துபோவது சகஜம்.

நாயின் சாட்சியம் ஏன் இவ்வளவு சுத்தமாகப் பலித்தது? கேள்வியும் பதிலும் பொருந்தியிருந்தன என்பதே காரணம். உறுப்பை நீக்கினார்கள், வியாதி வந்தது, அந்த உறுப்பின் சாற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், வியாதி தணிந்தது. இன்ஸுலினோ பிராணிக்குப் பிராணி பெரிதும் மாறாத வஸ்து. பன்றியின் இன்ஸுலினுக்கும் மனிதனுடையதற்கும் ஒரே ஓர் அமினோ அமிலந்தான் வித்தியாசம், மாட்டினுடையதற்கு மூன்று. 1982-ல் மனித இன்ஸுலின் கிருமிகளைக்கொண்டு தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் வரையில், உலகத்து நோயாளிகள் அறுபது வருஷம் பன்றியையும் மாட்டையும் நம்பியே பிழைத்தார்கள்.

ஆனால் நீரிழிவு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே வியாதியன்று. குழந்தைகளையும் இளைஞர்களையும் அதிகமாகத் தாக்கும் முதல் வகையில், உடலின் காவற்படையே வழிதவறிக் கணையத்திலுள்ள இன்ஸுலின் சுரக்கும் உயிரணுக்களை அழிக்கிறது. நம் வீடுகளில் நடுத்தர வயதுக்குமேல் சாதாரணமாகக் காணும் இரண்டாவது வகையில், இன்ஸுலின் இருந்தும் தசையும் ஈரலும் அதன் சொல்லுக்குச் சரிவரக் கீழ்ப்படிவதில்லை. நாளடைவில் கணையமும் களைத்துவிடுகிறது. எனவே எலியிடம் பரிசோதித்தேன் என்று ஒருவர் சொன்னால், நாம் முதலில் கேட்கவேண்டியது மருந்தைப் பற்றியன்று. "ஐயா, அந்த எலிக்கு நோய் வந்தது எப்படி?" என்றே கேட்க வேண்டும்.

பொட்டலத்து எலிக்கு வருவோம். மூலிகைப் பரிசோதனைகளில் வெகுவாகக் கையாளப்படுவது, எலிக்கு ஒரு விஷத்தைச் செலுத்தி நீரிழிவை உண்டாக்கும் முறை. 1943-ல் கிளாஸ்கோ நகரில் டன் என்பவரும் அவருடைய சகாக்களும் சிறுநீரகச் சேதத்தை ஆராய்ந்துகொண்டிருக்கையில், அலாக்ஸான் என்ற ரஸாயனம் முயல்களின் இன்ஸுலின் உயிரணுக்களைக் குறிவைத்துக் கொல்வதைக் கண்டார்கள். 1963-ல் ஸ்ட்ரெப்டோஸோடோஸின் என்ற மற்றொரு வஸ்துவும் அவ்வாறே செய்வது தெரிந்தது. இரண்டும் மலிவு, ஓர் ஊசியில் காரியம் முடிந்துவிடும். அதனால் உலகமெங்கும் பரவின.

இந்த விஷங்கள் உயிரணுவுக்குள் நுழைவதற்கு ஒரு தனி வாசல் உண்டு. எலியின் இன்ஸுலின் உயிரணுவில் அந்த வாசல்கள் ஏராளம். மனிதனுடையதில் மிகக் குறைவு. ஸ்ட்ரெப்டோஸோடோஸினைக் கணையத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மருந்தாகவே மனிதருக்குக் கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு அதனால் நீரிழிவு வருவது அபூர்வம். ஆக, எந்த மனிதனுக்கும் வராத வழியில் வந்த நோய் இது. மேலும் அலாக்ஸான், தீவிரமான ஆக்ஸிஜன் கூறுகளைக் கிளப்பிவிட்டு அவற்றைக் கொண்டே உயிரணுவைக் கொல்கிறது. ஆக்ஸிஜன் எரிப்பைத் தடுக்கும் சக்தி பல இலைகளுக்கும் பட்டைகளுக்கும் இயல்பாகவே உண்டு. விஷத்துக்கு முன்பே சாற்றைக் கொடுத்தால் எலி தப்பிக்கும். அது விஷமுறிவேயன்றி நீரிழிவுச் சிகிச்சையன்று. இன்னொரு விஷயமும் உண்டு. கசப்பான சாற்றைத் தினமும் புகட்டினால் எலி சரியாகத் தின்னாது; தின்னாத எலியின் ரத்தத்தில் சர்க்கரை குறைவதில் ஆச்சரியம் என்ன? எலி எவ்வளவு தின்றது என்று நிறுத்துக் கணக்கெடுக்காத பரிசோதனையை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால் நான் சுதேசி வைத்தியத்துக்கு விரோதி என்று யாரும் எண்ணவேண்டாம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரம் நாக்குக்குத் தித்திப்பே தெரியாமல் போவதை எவரும் பரீட்சித்துப் பார்க்கலாம். நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு மூலிகைகளைப் பொறுக்கவில்லை. ஆனால் ஒரு மூலிகை மருந்தாவதற்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கலீகா என்ற செடியை அங்கே பழைய காலத்தில் நாட்டு மருந்தாக வழங்கினார்கள். அதைத் தின்ற ஆடுமாடுகள் விஷமேறி இறந்ததும் உண்டு. அதிலுள்ள குவானிடின் இனத்து வஸ்துக்களில் ஒன்று முயல்களின் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை 1918-ல் வாட்டனபே கண்டார். அவ்வினத்து மருந்துகள் சில நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டன. 1957-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் ஸ்டெர்ன், நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டதுதான் மெட்பார்மின். இன்று நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் விழுங்கும் மாத்திரை அதுவே. செடியிலிருந்து முயலுக்கும், முயலிலிருந்து மனிதருக்கும் வந்து சேர நாற்பது வருஷம். நம் மூலிகைகளுக்கும் அதே கண்டிப்பான பரீட்சையை வைப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை. முயலோடு நின்றுவிட்டு, பொட்டலம் கட்டுவது மரியாதையன்று.

விஷமூட்டப்படாத எலிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி இதைவிடச் சுவையானது. அதில்தான் அழற்சி என்ற விஷயம் வருகிறது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதல்லவா? அது உடலின் காவற்படை வேலை செய்யும் அடையாளம். வேலை முடிந்ததும் தணிந்துவிட வேண்டும். தணியாமல், வலியும் வெளித்தோற்றமும் இன்றி, நீறு பூத்த நெருப்பாக உள்ளுக்குள் இருந்துகொண்டேயிருக்கும் அழற்சியும் உண்டு. பருத்த உடலில், கொழுப்புச் சதைக்குள் இத்தகைய அழற்சி குடியிருக்கிறது என்பதை உணர்த்தியவை எலிகளே. 1993-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஹோடாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர், பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் மிகுதியாக வெளிப்படுவதைக் கண்டார்கள். அந்தப் புரதத்தை முறித்ததும் எலியின் உடல் இன்ஸுலினுக்கு முன்னிலும் நன்றாகக் கீழ்ப்படிந்தது! இரண்டாவது வகை நீரிழிவின் சாவி அகப்பட்டுவிட்டதென்றே பலர் எண்ணினார்கள். 1996-ல், அதே புரதத்தை முறிக்கும் மருந்தைப் பருத்த நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையில் ஒரு மாறுதலும் இல்லை.

எலி பொய் சொல்லிற்றா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. மனிதக் கொழுப்பிலும் அழற்சி இருப்பது உண்மை. 2003-ல் வெளியான ஆராய்ச்சிகள், பருத்த உடலின் கொழுப்பில் காவற்படை உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து குடியேறுவதைக் காட்டின. அது மனிதருக்கும் பொருந்திற்று. ஆனால் எலியில் அந்த ஒரு புரதத்துக்கு இருந்த அதிகாரம் மனிதரிடம் இல்லை போலும்.

இதன் கிளைக்கதை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. 1876-லேயே எப்ஸ்டைன் என்ற ஜெர்மானிய வைத்தியர், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த ஸோடியம் ஸாலிஸிலேட்டை அதிக அளவில் கொடுத்தால் நீரிழிவுக்காரரின் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று எழுதி வைத்தார். காரணம் தெரியாமையால் அது கிடப்பில் கிடந்தது. 2001-ல் பாஸ்டனில் ஷோல்ஸன் குழுவினர், பருத்த எலிகளுக்கு அந்தக் குடும்பத்து மருந்துகளைக் கொடுத்து, அவை அழற்சியை மூட்டும் ஓர் உள்விசையை அடைப்பதன் மூலம் இன்ஸுலினுக்கு வழிவிடுகின்றன என்று விளக்கினார்கள். நூற்றிருபத்தைந்து வருஷத்துப் புதிருக்கு எலி விடை சொல்லிற்று. பிறகு மனிதரிடம் முறையாகச் சோதித்தார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, 48 வாரச் சிகிச்சையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு 0.37 சதவீதப் புள்ளி மட்டுமே அதிகமாக இறங்கிற்று. பலன் உண்மைதான், எலிக்குக் கிடைத்ததில் சிறு பங்குதான். மற்றொரு அழற்சித் தடுப்பு மருந்தை 10,061 இருதய நோயாளிகளிடம் சோதித்தபோது, 2017-ல் வந்த முடிவு மாரடைப்பு குறைந்ததாகக் கூறிற்று. மறு வருஷம் வந்த முடிவோ புதிதாக நீரிழிவு வருவதை அது தடுக்கவில்லை என்று கூறிற்று. அழற்சி குற்றவாளிகளில் ஒருவன் என்பது தெளிவு, தனிக் குற்றவாளியல்லன்.

எலி ஏன் மனிதனாக இல்லை என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் ஆராய்ச்சிசாலை எலியின் வாழ்க்கையை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். சுண்டெலிக்குச் சுகமான உஷ்ணநிலை சுமார் 30 டிகிரி. அதை வைத்திருப்பதோ 20 முதல் 22 டிகிரியில். கூட்டைப் பராமரிக்கும் மனிதருக்கு அது இதமாக இருப்பதால். ஆகவே அந்த எலி வாழ்நாள் முழுவதும் குளிர் காய்கிறது. தின்பதில் பெரும் பகுதியை உடற்சூட்டுக்காகவே எரிக்கிறது. அதனுடைய கொழுப்பும் சர்க்கரையும் நம்முடையவை போல் நடக்க வேண்டுமென்று எப்படி எதிர்பார்ப்பது? சென்னைக் கோடையில் மின்விசிறியின்றி வைத்தால் அதற்கு உவப்பாயிருக்கும். ஆராய்ச்சி செய்பவருக்குத்தான் கஷ்டம்! அது இரவில் தின்று பகலில் தூங்கும் பிராணி என்பதையும், பெரும்பாலும் ஒரே வம்சத்துக்குள் பெற்றுப் பெருகி இரட்டைக் குழந்தைகளைப்போல் ஒன்றுக்கொன்று வேறுபாடின்றி இருப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிராணிக்கு இயல்பாக நோய் வரும் முறைகள்தாம் நமக்கு அதிகம் கற்பிக்கின்றன என்பது என் அபிப்பிராயம். வட ஆப்பிரிக்காவின் பாலைவனங்களில் மணல் எலி என்று ஒன்று உண்டு. உப்புச் சுவையுள்ள பாலைச் செடிகளின் சதைப்பற்றான இலையைத் தின்று ஆரோக்கியமாகத் திரியும். அதைப் பிடித்து வந்து, மற்ற எலிகள் தின்னும் சாதாரண தானிய உருண்டையைக் கொடுத்தால், பருத்துப்போய் நீரிழிவு கொண்டுவிடுகிறது. விஷமில்லை, கத்தியில்லை, தாராளமான சாப்பாடுதான். வறுமைக்குப் பழகிய உடலுக்கு வளம் வந்தால் என்ன ஆகும் என்பதை, இரண்டு தலைமுறைக்குள் கேழ்வரகுக் கூழிலிருந்து மூன்று வேளை அரிசிக்கும், நடையிலிருந்து மோட்டார் வண்டிக்கும் வந்துவிட்ட நம்மவர்கள் சற்றுக் கவனிப்பது நல்லது.

நம் தேசத்திலும் இத்தகைய எலிகள் உண்டு. 1918-ல் நீலகிரியில் குன்னூரில், மக்காரிஸன் என்ற டாக்டர் ஒரே ஓர் அறையில் தொடங்கிய போஷாக்கு ஆராய்ச்சி நாளடைவில் வளர்ந்தது. பல மாகாணத்தாரின் சாப்பாட்டையும் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்து அவர் ஒப்பிட்டபோது, சீக்கியரின் கோதுமை ரொட்டியும் பாலும் தின்றவை செழித்தன. தீட்டிய அரிசியையே நம்பிய நம் சென்னை ராஜதானிச் சாப்பாட்டை உண்டவை எல்லோருக்கும் பின்தங்கின. நமக்கு ரோஷம் வரத்தான் வரும், என்ன செய்வது! அந்த ஸ்தாபனம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறித் தேசியப் போஷாக்கு நிலையமாக விளங்குகிறது. அங்கே வளர்த்த எலிகளுள், பிறவிக் கோளாற்றினால் தாமாகவே மிகவும் பருக்கும் ஓர் இனம் தோன்றியது. வெளிதேசத்தை எதிர்பாராமல் நம்மவர்கள் அவற்றைக் கொண்டு பருமனையும் அதன் விளைவுகளையும் ஆராய்கிறார்கள்.

குழந்தைகளைத் தாக்கும் முதல் வகை நீரிழிவில் எலி நமக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவனாவேன். 1980-ல் ஜப்பானில் மாக்கினோவும் அவருடைய சகாக்களும் ஒரு சுண்டெலி இனத்தை வெளிப்படுத்தினார்கள். அதற்கு யாரும் எதையும் செலுத்துவதில்லை. அதன் காவற்படையே தானாகக் கணையத்தைத் தாக்கும். இந்த எலிக்கு நோய் வராமல் தடுக்க நூற்றுக்கு மேற்பட்ட உபாயங்கள் பலித்திருக்கின்றன. மனிதரிடம் அவை அநேகமாகத் தோற்றன. நோய் வருமுன் தடுப்பதற்கும் வந்தபின் தீர்ப்பதற்கும் உள்ள தூரம் ஒரு காரணம். அந்த எலி மிகச் சுத்தமான கூட்டில் இருந்தால் அதற்கு நோய் அதிகமாகவும், கிருமிகளுள்ள கூட்டில் குறைவாகவும் வரும் என்ற விசித்திரம் இன்னொரு காரணம். இவ்வளவு தோல்விகளுக்கிடையில் ஒன்று நின்றது. 1994-ல் பாரிஸில் ஷாதெனூ என்ற அம்மையாரின் குழுவினர், காவற்படையின் ஒரு பிரிவை அடக்கும் மருந்தைக் கொண்டு, புதிதாக நோய் கண்ட இந்த எலிகளைக் குணப்படுத்தினார்கள். வரும்முன் தடுத்தது அன்று. வந்தபின் தீர்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே வகையில் மனிதருக்கென்று அமைந்த டெப்லிஸுமாப், நோய் நிச்சயமாக வரப்போகிற 76 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2019-ல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதவருக்கு நோய் வர நடுத்தரமாக 24 மாதமும், பெற்றவருக்கு 48 மாதமும் ஆயின. 2022 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது. எலிக்குக் குணம், குழந்தைக்கு இரண்டு வருஷத் தாமதம். ஊசியில்லாத அந்த இரண்டு வருஷத்தின் அருமையை, இரவில் மூன்று மணிக்கு எழுந்து குழந்தையின் சர்க்கரையைப் பார்க்கும் தாயார் அறிவாள்.

இதற்கெல்லாம் உயிர் கொடுக்கும் பிராணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1952-ல் ராஜ்யசபைக்கு நியமனமான ருக்மிணிதேவி அருண்டேலின் விடாமுயற்சியே, 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு மூல காரணம். அச்சட்டம் பரிசோதனையை அடியோடு தடுக்கவில்லை. தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்க வேண்டும், மயக்கமருந்தின்றி அறுக்கக்கூடாது, சிறு பிராணி போதுமானால் பெரியதைத் தொடக்கூடாது, கை பழகுவதற்காக மட்டும் அறுப்பது ஆகாது என்று வகுத்தது. மேற்படி விஷமூட்டும் பரிசோதனைகளை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்து, தீர்மானமான விடை ஒன்றும் தராத கட்டுரைகளை அடுக்குவது இந்தச் சட்டத்தின் உள்ளக் கிடக்கைக்கு விரோதம் என்பேன். 2022 டிசம்பரில் அமெரிக்காவும், 2023-ல் நம் அரசாங்கமும் விதிகளைத் திருத்தி, புதிய மருந்துகளைப் பிராணியின்றி மனித உயிரணுக்களைக் கொண்டும் கணித யந்திரங்களைக் கொண்டும் சோதிக்க இடம் கொடுத்திருக்கின்றன. கண்ணாடித் தட்டில் மனிதக் கணைய உயிரணுக்களை வாழவைத்து மருந்தின் குணத்தைப் பார்ப்பது இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரெப்டோஸோடோஸின் எலியைக் காட்டிலும் அது எத்தனையோ மேல். ஆனால் தட்டிலுள்ள உயிரணுக்கள் பசித்துத் தின்பதில்லை, பருப்பதில்லை. இருபது வருஷத்து நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்று அவற்றிடம் கேட்க முடியாது. அந்தக் கேள்விகளுக்காக ஹைதராபாத்திலும் பாஸ்டனிலும் எலிக்கூடுகள் இன்னும் இருக்கின்றன.